கம்பம் திராட்சையும் காஞ்சிரப்பள்ளி ஒயினும்

உத்தமபாளையம் தாண்டிவிட்டால் போதும். ராயப்பன்பட்டியாகட்டும், ஆனைமலையான்பட்டியாகட்டும், சுருளிப்பட்டியாகட்டும், எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் திராட்சைப் பந்தல்தான். கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடி படர்ந்து, ஊரே ஒரு பெரிய கல்யாணப் பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வெளியே சுள்ளென்று வெயில். குனிந்து பந்தலுக்குள் நுழைந்தால் ஜிலுஜிலுவென்று பச்சை வெளிச்சம். தலையில் இடிக்கிற உயரத்தில் குலை குலையாகப் பன்னீர் திராட்சை, சாம்பல் பூத்தாற்போல ஒரு மினுமினுப்போடு தொங்குகிறது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற பூமி இது. 1895-ல் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து வருகிற அந்தத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கையே பசுமையாக வைத்திருக்கிறது. பன்னீர் திராட்சைக்குச் சீமைப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்று சொல்கிறார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாற்றிக் கவாத்து செய்கிறார்கள். அதனால் வருஷம் முழுக்க எங்காவது ஓரிடத்தில் பழம் பறித்துக் கொண்டேயிருப்பார்கள்.

போன டிசம்பரில் நாங்கள் போனபோது ஒரு தோட்டத்து வாசலில் பெட்டி பெட்டியாகப் பழம் அடுக்கிக் கொண்டிருந்தார்கள். "எங்கேம்மா போகுது இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் மலைக்கு அந்தப் பக்கந்தான். கிறிஸ்துமஸ் வருதுல்ல, அவுக ஒயின் போடுவாக" என்றார் தோட்டக்கார அம்மாள். பிறகு ஒரு குலையைத் தூக்கிக் காட்டி, "இந்தா பாருங்க, பாதி கறுப்பு, பாதி சிவப்பு. மழை மூட்டமா இருந்துச்சா, கலர் ஏறலை. இதை அவுக எடுக்க மாட்டாக. இனிப்பு கூட ரெண்டாம் பட்சம், கலர்தான் முதல்ல" என்றார். ஒரே கொடியில் ஆசைப்பட்டு அதிகக் குலைகளை விட்டுவிட்டாலும் நிறம் பிடிக்காதாம். குலைகளைக் குறைத்தால்தான் மிச்சமிருப்பது கறுக்கும் என்று அவர் சொன்னது எனக்குப் புதுச் செய்தி. கடையில் திராட்சை வாங்கும்போது இனிக்கிறதா, புளிக்கிறதா என்று பார்ப்போமே தவிர, நிறத்துக்கு இத்தனை பாடு இருக்கிறதென்று யார் நினைத்தார்கள்!

எங்களுக்கும் மலைக்கு அந்தப் பக்கம்தான் பிரயாணம். நான், என்னவர், என் மகள், அவளுடைய ஐந்து மாதக் குழந்தை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. கோட்டயம் ஜில்லாவில் காஞ்சிரப்பள்ளிக்குப் பக்கத்தில் 'அம்மச்சி' வீட்டுக்குப் போகிறோம். அம்மச்சி முப்பது வருஷம் மதுரையில் நர்ஸாக இருந்தவர். எங்களுக்கு அடுத்த வீடு. என் மகளுக்கு முதல் தடுப்பூசிக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க ஈரத் துணி போட்டவர் அவர்தான். ரிடையர் ஆகிச் சொந்த ஊர் போனபின் வருஷா வருஷம் "ஒரு கிறிஸ்துமஸுக்காவது வா மோளே" என்று கூப்பிட்டுக் கொண்டே இருந்தார். இந்தத் தடவைதான் வாய்த்தது. மகளுக்கும் ஒரு மாற்றம் தேவையாயிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு பெண் தேறவேயில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவில்லை. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தாள்.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் மலை எதிரே சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. மின் நிலையத்துக்கு இறங்குகிற ராட்சசக் குழாய்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். அணையைக் கட்டிய பென்னிகுவிக் துரைக்கு 2013-ல் திறந்த மணிமண்டபமும் இங்கேதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் குமுளியை அடைந்தால் ஏலக்காய் வாசனை மூக்கைத் துளைக்கிறது. வண்டிப்பெரியாறு, பீருமேடு வரை தேயிலை, குட்டிக்கானத்திலிருந்து சரிவு, முண்டக்கயம் வந்தால் தேயிலை மறைந்து ரப்பர் மரங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் வளைவுகள் முடிகிற வரை பால் கொடுக்காமல், குமுளியில் வண்டியை நிறுத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது. முண்டக்கயத்துக்கு அப்புறம் இருட்டிவிட்டது. வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம், உள்ளே விளக்கு எரிய! சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று ரப்பர் தோப்புக்கு நடுவே மினுக்கிக் கொண்டு... அந்த ஒரு காட்சிக்காகவே டிசம்பரில் போகலாம்.

அம்மச்சிக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. நடை தளர்ந்திருந்தாலும் நாக்கு தளரவில்லை. மதுரைத் தமிழும் மறக்கவில்லை. ஆனாலும் நடுவே மலையாளம் புகுந்துவிடும். "ரெண்டு கிலோ முந்திரி கொண்டு வந்திருக்கியா? அந்தப் பாத்திரத்துல கொட்டு" என்றார். என் மகள் பையைக் குடைந்து முந்திரிப்பருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அவர்களுக்கு முந்திரி என்றால் திராட்சை என்று தெரிந்ததும் வீடே சிரித்தது.

சமையலறை மூலையில் பெரிய பரணி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. இங்கே நாம் ஜாடி என்கிறோமே, அதுதான். மேலே பழுப்பு, கீழே வெள்ளை. "ஒயின் போடவில்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நின்னு போச்சு" என்றார் அம்மச்சி.

2019 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால், கேரள எக்ஸைஸ் இலாகா ஓர் எச்சரிக்கை விட்டது. உரிமம் இல்லாமல் வீட்டில் நொதிக்க வைத்து ஒயின் தயாரிப்பது அப்காரி சட்டப்படி குற்றம் என்று. சட்டம் பழையதுதான், ஆனால் பாட்டி காலத்திலிருந்து பரணியில் போட்டு வந்த வீடுகளுக்கெல்லாம் அது தலையில் இடி இறங்கினாற்போல் ஆயிற்று. அம்மச்சியின் மகன் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர். "அம்மச்சி, இனிமே பரணி வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். 2022-ல் பழ ஒயினுக்குச் சிறு அளவில் உரிமம் கொடுக்க விதிகள் வந்தன. ஆனால் அது தொழிலாகச் செய்பவர்களுக்கு. வீட்டுப் பரணிக்கு இல்லை. நம் தமிழ்நாட்டிலும் மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது. ஆகவே, வாசகிகளே, அளவு, நாள் கணக்கு என்று ஒயின் செய்முறை எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்தப் பரணியைச் சுற்றி அம்மச்சி சேர்த்து வைத்திருந்த நிற சாஸ்திரம் இருக்கிறதே, அது நொதிக்காத சாற்றுக்கும் அப்படியே பொருந்தும். அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

"ஒரு பழத்தைத் தோலுரி" என்றார். உரித்தேன். உள்ளே சதை கண்ணாடி மாதிரி, நிறமே இல்லாமல். "இதைப் பிழிஞ்சா தண்ணி கலர்ல சாறு வரும். கறுப்பெல்லாம் தோல்ல இருக்கு. தோலை எவ்வளவு நேரம் கூட வைக்கிறியோ அவ்வளவு கலர். அதுக்குத்தான் அந்தக் காலத்துல தினம் ஒருதரம் மரக்கரண்டியால கிண்டுவோம். தோலெல்லாம் மேலே மிதந்து தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை அமுக்கி விடலைன்னா அடியில் இருக்கிற சாறு வெளுத்துத்தான் கிடக்கும். மருமக ரெண்டு நாள் கிண்ட மறந்தா, கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கிளாஸ்ல தெரிஞ்சு போகும்!"

அந்தத் தோலில் இருக்கிற சாயத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். நாகப்பழம், கத்தரிக்காய்த் தோல், சிவப்பு முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான். இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. புளிப்பு சேர்ந்தால் சிவக்கும். புளிப்பு குறைந்தால் நீலம் பாரிக்கும். அம்மச்சி இரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் கொஞ்சம் சாறு விட்டு, ஒன்றில் நாலு சொட்டு எலுமிச்சம் சாறு, இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுக் காட்டினார். முதல் கிண்ணம் மாதுளை மாதிரி பளிச்சென்று சிவந்தது. இரண்டாவது, இங்க் கொட்டின தண்ணீர் மாதிரி ஆயிற்று! பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் லீவு நாளில் செய்து காட்டுங்கள். அரை மணி நேரம் சும்மா இருப்பார்கள்.

பாத்திரமும் நிறத்தைக் கெடுக்கும். இரும்பு வாணலியில் திராட்சையையோ நெல்லிக்காயையோ போட்டால் சாறு கறுத்து மங்கும். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். எவர்சில்வர், கண்ணாடி, நல்ல பரணி இவைதான் சரி. பூப்போட்டு வர்ணம் அடித்த அலங்கார மண் ஜாடிகளில் புளிப்பான எதையும் ஊற்றி வைக்க வேண்டாம். மெருகுப் பூச்சில் ஈயம் கலந்திருந்தால் இறங்கிவிடும். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும், காற்றுப் பட்டால் பழுக்கும். அதனால்தான் பச்சை பாட்டில், பழுப்பு பாட்டில் என்று தேடித் தேடிச் சேர்த்தார்களாம், வாய் வரை நிரப்பி மூடினார்களாம். கலங்கலாக இருந்தால் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து விடுவது பழைய வழக்கம். கசடை இழுத்துக் கொண்டு அது அடியில் போய்விடும். மேலே தெளிவு நிற்கும். நிறம் குறைவு என்று நாம் நினைப்பது பாதி நேரம் கலங்கல்தான் என்பது அம்மச்சியின் கட்சி.

திராட்சையாவது பரவாயில்லை. அன்னாசி, நெல்லி, சாம்பக்காய், இஞ்சி இவைகளிலெல்லாம் வெளுத்த நிறம்தானே வரும்? அதற்குத்தான் கருக்கின சீனிப்பாகு. இது மலையாளத்து வீடுகளுக்கு மட்டுமல்ல, நம் ஊரில் கிறிஸ்துமஸுக்கு இஞ்சி ஒயின் செய்கிற ஆங்கிலோ-இந்திய வீடுகளுக்கும் கைவந்த கலை. (இஞ்சி ஒயின் பெயரில்தான் ஒயின், அது நொதிக்காத இஞ்சி சர்பத்தே.) அதன் தேன் நிறம் முழுக்க இந்தப் பாகு தருவதுதான். பீட்ரூட் போடுகிறவர்களும் உண்டு. அம்மச்சிக்கு அது பிடிக்காது. "அன்னிக்கு ஜோரா இருக்கும். நாலு நாள் கழிச்சுப் பார், துருப்பிடிச்ச கலர். அதோட மண் வாசனை வேற" என்கிறார். நான் அவர் கட்சிதான்.

கடைத்தெருவில் பொட்டலமாக விற்கிற கலர் பவுடரைப் பற்றி அவரிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, நினைவிருக்கிறதா? அதில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததுதான் காரணம். துணிக்குப் போடுகிற சாயம் அது. லேபிள் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

இந்த நிற சாஸ்திரத்துக்கு மறுநாளே ஒரு சோதனை வந்தது.

வீட்டில் அம்மச்சிக்கு ஓர் அக்கா. எண்பத்தைந்து வயது. எல்லாரும் வல்யம்மச்சி என்று கூப்பிடுகிறார்கள். பெரிய அம்மச்சி என்று அர்த்தம். ஜெபமாலையும் கையுமாக வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர், என் மகளை ஏற இறங்கப் பார்த்துக் கொண்டே இருந்தார். மத்தியானம் மெல்ல எழுந்து தன் அலமாரியைத் திறந்து, சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார் பாருங்கள்! 2018 கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஒயினில் கடைசி பாட்டில். மகனுக்கும் தெரியாமல், தங்கைக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். ஒரு சின்ன கிளாஸில் ஊற்றி என் மகளிடம் நீட்டினார்.

"குடி மோளே. பெற்ற உடம்பு வெளுத்துக் கிடக்கு. இதைக் குடிச்சா ரக்தம் ஊறும். கலரைப் பார், ரக்தம் மாதிரியே!"

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் அம்மச்சியைப் பார்த்தேன். வல்யம்மச்சியின் கை நடுங்கிக் கொண்டிருந்தது. கிளாஸ் நடுங்கிக் கொண்டிருந்தது. அந்த வீட்டில் பிரசவித்த எத்தனையோ பெண்களுக்கு அதே கை ஊற்றிக் கொடுத்திருக்கிறது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கு வாய் வரும்?

அம்மச்சி சாவகாசமாக எழுந்து வந்து அந்தக் கிளாஸை வாங்கிக் கொண்டார். "சேச்சி, சாப்பாட்டுக்கு முன்னாடி வேண்டாம். நான் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக் கொண்டு அடுக்களைக்குள் போனார். கதவைச் சாத்தினதும் நர்ஸ் குரல் வந்துவிட்டது.

"முப்பது வருஷம் வார்டுல இதே கதைதான். பீட்ரூட் சிவப்பு, அதனால ரத்தம். மாதுளை சிவப்பு, அதனால ரத்தம். ஒயின் சிவப்பு, அதனால ரத்தம்! திராட்சைத் தோல் சாயத்துல இரும்பு எங்கிருந்து வரும்? இவளுக்கு வேண்டியது மாத்திரை, கீரை, கொண்டைக்கடலை, கேழ்வரகு. சாப்பிடறவங்களா இருந்தா ஈரல். கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கணும், அப்பத்தான் இரும்பு உடம்புல பிடிக்கும். மாத்திரையை முழுங்கிட்டு உடனே காபி குடிக்கறாளே, அதை நிறுத்தச் சொல்லு முதல்ல."

நியாயம்தான். நான் இத்தனை நாளாகக் காபியோடு மாத்திரையைக் கொடுத்தவளைப் பார்த்துக் கொண்டுதானே இருந்தேன் என்று என் மகள் பின்னால் என்னைக் கேலி செய்தாள்.

பால் கொடுக்கிற தாய் குடித்தால் ஆல்கஹால் தாய்ப்பாலிலும் கலக்கும். தாயின் ரத்தத்தில் எந்த அளவோ, ஏறக்குறைய அதே அளவு பாலிலும் இருக்கும். குழந்தையின் தூக்கம் கெடும். பால் ஊறும் என்று சொல்லிக் கொடுத்தாலும் உண்மையில் பால் இறங்குவது குறையும். கர்ப்பிணிகளுக்கோ, இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. அது வீட்டில் போட்டதா, கடையில் வாங்கினதா என்பதெல்லாம் கணக்கில்லை. நிறத்தை வைத்து வீரியத்தைச் சொல்லவும் முடியாது. வெளுத்த அன்னாசி ஒயினிலும் கறுத்த திராட்சை ஒயினிலும் சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது, சாயம் அல்ல.

இதையெல்லாம் வல்யம்மச்சியிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அம்மச்சிக்குத் தெரியும். அதனால் வேறொரு காரியம் செய்தார். காலையில் நாங்கள் கொண்டு வந்த திராட்சையை வேகவைத்து வடிகட்டின சாறு குளிர்ந்திருந்தது. அதை அதே மாதிரி இன்னொரு கிளாஸில் ஊற்றி, இரண்டையும் ஜன்னல் பக்கம் வைத்தார். வெள்ளைத் துண்டு ஒன்றைப் பின்னால் பிடிக்கச் சொன்னார். அப்பாடா, எவ்வளவு வித்தியாசம்! புதுச் சாறு நாகப்பழத்தின் ஊதா. பழைய ஒயின் நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல் பொடி. புதுசில் எல்லா ஒயினும் ஊதாவாகத்தான் இருக்குமாம். வருஷம் ஆக ஆக ஊதா போய், சிவந்து, கடைசியில் பழுப்பு ஏறும்.

"சேச்சிக்குக் கண் மங்கல்தான். ஆனா இந்தக் கலர் மட்டும் தப்பாது" என்று சொல்லிக் கொண்டே முதலில் எலுமிச்சம் சாறு நாலு சொட்டு விட்டார். ஊதா சிவப்பாயிற்று. பிறகு பாட்டிலில் இருந்த கருக்கின சீனிப்பாகில் கால் ஸ்பூன். கலக்கிவிட்டு நிதானமாக நின்று பார்த்தார். இன்னும் கால் ஸ்பூன். "ட்யூப் லைட்ல பார்க்கக் கூடாது. பகல் வெளிச்சத்துல பார்க்கணும். விட்டதும் பார்க்காதே, கலந்து கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்றார். மூன்றாவது தடவை வெறும் ஸ்பூன் நுனியால் தொட்டுவிட்டார், அவ்வளவுதான். ஓரத்தில் அதே செங்கல் நிறம் வந்து உட்கார்ந்தது. எது எது என்று எனக்கே குழம்பிவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் வல்யம்மச்சி அந்தக் கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டி என் மகளிடம் கொடுத்தார். அவள் ஒரு மடக்கு குடித்ததும், கிழவி தங்கையின் பக்கம் திரும்பி, "கராம்பு ஜாஸ்தி போட்டுட்டே" என்றார். கண்ணில் ஒரு சிரிப்பு இருந்ததா, இல்லையா? இன்று வரை எனக்குச் சந்தேகம்தான்.

என் மகள் கேட்டாளே என்று அம்மச்சி சொன்ன அளவை அப்படியே தருகிறேன். நன்றாகக் கறுத்த பன்னீர் திராட்சை ஒரு கிலோ. உப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, காம்பு நீக்கிக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், நாலு கிராம்பு, சிறிய துண்டு பட்டையோடு எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, நிதானமான தீயில் தோல் வெடிக்கும் வரை வேகவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போதும். நிறத்துக்கு ஆசைப்பட்டுத் தளதளவென்று வெகு நேரம் கொதிக்கவிட்டால் நிறம் மங்குமே தவிர ஏறாது. அடுப்பை அணைத்து, மூடி, தோலோடு அப்படியே ஆறவிடுங்கள். சாயம் இறங்குவது அந்த நேரத்தில்தான். மத்தால் கடையக் கூடாது. விதை நசுங்கினால் கசந்துவிடும். கரண்டியால் லேசாக மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, 250 கிராம் சீனி கலந்து இன்னொரு கொதி விட்டு இறக்கி, ஆறியபின் அரை மூடி எலுமிச்சை. அப்போது சிவக்கும் பாருங்கள், மூட்டம் விலகி சூரியன் வந்தாற்போல!

சீனிப்பாகுதான் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டியது. அடி கனத்த வாணலியில் அரை கப் சீனி, தண்ணீர் விடாமல், சிறு தீயில். முதலில் கட்டி தட்டும், பயப்பட வேண்டாம். உருகித் தேன் நிறம், பிறகு செம்மண், பிறகு காபி டிகாஷன் நிறம் வரும். மெல்லிய புகை கிளம்பியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அரை நிமிஷம் தாமதித்தாலும் கசப்புதான். பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் அரை கப் வெந்நீரைக் கை தூரத்தில் நின்று ஓரமாக விட வேண்டும். 'சொய்'யென்று பொங்கித் தெறிக்கும். பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. இடுப்பில் குழந்தையை வைத்துக் கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். ஆறினதும் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தால் மாசக் கணக்கில் இருக்கும். பிளம் கேக்குக்கு நிறம் கொடுப்பதும் இதுதான். எங்களுக்கும் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி, ரப்பர் பாண்ட் போட்டுக் கொடுத்தார் அம்மச்சி. மலையிறங்கும்போது ஒரு சொட்டு சிந்தவில்லை.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இந்தச் சாறு ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் வேண்டாம். மற்றவர்கள் பாதிச் சாறு, பாதித் தண்ணீராகக் கலந்து குடிக்கலாம். ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். நாலாம் நாள் மூடியைத் திறக்கும்போது 'புஸ்'ஸென்று சத்தம் வந்தாலோ, ஓரத்தில் நுரை தெரிந்தாலோ, அது தானாகவே ஒயினாகக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.